ஐவர் விலகினர்

என்னை எல்லாரும் ‘ஒற்று ஐயா’ என்றே அழைப்பர். பெற்றோர் இட்ட பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. பிறர் எழுத்தில் விடுபட்ட க், ச், த், ப் ஆகியவற்றை உரிய இடத்தில் இட்டு வருவதால் வந்த பெயர் அது. பள்ளியில் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றபின், பல்கலைக்கழகத்தின் ஆய்வு வெளியீட்டுப் பிரிவில் மொழி திருத்துபவனாகச் சேர்ந்தேன். காலையில் மேசையை நானே துடைப்பேன். சிவப்புப் பென்சிலைச் சீவி வைப்பேன். சன்னலை ஒரு விரற்கடை மட்டும் திறப்பேன். காற்று வேண்டும், தாள் பறக்கக் கூடாது. தேநீர்க் குவளையைத் தொட்ட கையைக் கழுவாமல் பிறர் எழுத்தைத் தொட மாட்டேன்.

நீங்கள் விசாரணை அதிகாரி, பொறுமைசாலி. “ஏன் ஐயா அப்படிச் செஞ்சீங்க?” என்று மறுபடியும் மறுபடியும் கேட்கிறீர்கள். வரிசையாகச் சொல்கிறேன். இடைமறிக்காதீர்கள்.

மருத்துவம், அறிவியல், கணினி ஆகிய மூன்று புலங்களின் ஆய்வுகளும் ஆண்டுதோறும் ஒரே தொகுப்பாக வெளிவரும். எங்கள் பல்கலைக்கழக மருத்துவமனையில் புது மருந்து எழுதுவது அதை நம்பித்தான். கட்டுரையாளர் அனைவரும் மெத்தப் படித்தவர்கள். அவர்கள் எழுத்தில் எழுவாய் ஒருபுறம் நிற்கும். பயனிலை மறுபுறம் ஓடும். இரண்டையும் பிடித்துக் கட்டுவது என் வேலை. திருத்திய தாளை அவர்களுக்கு அனுப்பினால், படிக்காமலே கையெழுத்திட்டுத் திருப்புவர். “ஒற்று ஐயா பாத்துட்டாரில்ல, அப்புறம் நான் எதுக்குப் பாக்கணும்?” என்பார் மருத்துவத் துறைத் தலைவர். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கணினித் துறையில் ஓர் இளம் விரிவுரையாளர் இருந்தார். அவர் ஒரு மென்பொருள் செய்து, அதற்குக் ‘கிளி’ என்று செல்லப்பெயரும் வைத்தார். தொகுப்பில் சேரும் கட்டுரைகளை எல்லாம் கிளி படிக்கும், எழுத்துப்பிழை காட்டும். அதனினும் பெரிய வேலை ஒன்றும் அதற்கு உண்டு. ஒரு மருந்தைப் பற்றிய கட்டுரையில் ‘இறந்தனர்’, ‘உயிரிழந்தனர்’ போன்ற சொல் வந்தால், உடனே மருந்தகத்துக்கு எச்சரிக்கை அனுப்பும். அம்மருந்தை அங்கே யாருக்கும் கொடுக்க மாட்டார்கள்.

கிளியை எல்லாருக்கும் காட்டிய நாளில், நான் திருத்தி முடித்த பக்கம் ஒன்றை அதனிடம் கொடுத்தார். திரையில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது.

“ஒற்று ஐயா, இங்க ஒரு ‘ப்’ விட்டுட்டீங்களே” என்றார் விரிவுரையாளர்.

“போச்சு, ஒற்றுக்கே ஒற்றன் வெச்சாச்சு” என்றார் வேதியியல் பேராசிரியர். அறையே சிரித்தது.

“கோவிச்சுக்காதீங்க ஐயா. இனிமே நீங்க வீட்ல நிம்மதியா ஓய்வெடுக்கலாம்.”

அவர் அன்போடுதான் சொன்னார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவ்விடத்தில் ஒற்று மிகலாம், மிகாமலும் இருக்கலாம். இலக்கணம் இரண்டையும் ஏற்கும். அதைச் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் பிஸ்கட் தட்டு வந்துவிட்டது. எல்லாரும் அதன் பக்கம் திரும்பிவிட்டனர்.

அதன்பின் சில நாளில் மூட்டுவலி மாத்திரை பற்றிய கட்டுரை என் மேசைக்கு வந்தது. வேதியியல் துறை செய்த மாத்திரை. மருத்துவத் துறையின் மருத்துவர் ஒருவர், தாம் மட்டுமே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதியிருந்தார். கட்டுரையைக் கொடுத்த கையோடு அவர் மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டார். பெரும்பாலோர்க்கு வலி குறைந்ததாக எழுதியிருந்தார். அடுத்த வாக்கியம்: ‘ஐவர் ஈரல் செயலிழந்து இறந்தனர்.’ எழுவாய், எச்சம், பயனிலை எல்லாம் முறையாக நின்றன. திருத்த ஒன்றுமில்லை.

தமிழில் மங்கலம் என்றொரு வழக்கு உண்டு. சொல்லத் தகாததை நல்ல சொல்லால் சொல்வது. இறந்தாரைத் ‘துஞ்சினார்’ என்பது அவ்வகை. அம்மரபை ஒட்டி அவ்வாக்கியத்தை ‘ஐவர் ஆய்வினின்று விலகினர்’ என்று மாற்றினேன். ஈரலை எடுத்துவிட்டேன். கிளி அதைப் படித்துவிட்டு, தடையேதும் இல்லை என்றது. எழுதியவர் ஊரில் இல்லாததால் துறைத் தலைவரே வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்திட்டார்.

“அப்ப ‘துஞ்சினர்’னே போட்டிருக்கலாமே?” என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. அதையும் எண்ணிப் பார்த்தேன். ‘துஞ்சினர்’ என்பது கிளிக்குப் புரியாது. ஆனால் படிக்கும் மருத்துவர் எவரேனும் ஒருவருக்குப் புரிந்துவிடும். ஆகையால் அதை இடவில்லை.

வெளியீட்டு விழாவில் துணைவேந்தர் முன்னிலையில் எழுந்து, கிளி ஐந்து சாவுகளைப் பார்க்காமல் விட்டது என்று சொல்ல எண்ணியிருந்தேன். மண்டபத்துக் கூரை ஒழுகியதால் விழா தள்ளிப்போயிற்று. அதற்குள் மாத்திரை மருந்தகத்துக்கு வந்துவிட்டது. ஒரு தொலைபேசி அழைப்பில் நிறுத்தியிருக்கலாம்; தொலைபேசி என் மேசைமேலேயே இருந்தது. ஆனால் அதில் சொன்னால் ஒருவர் மட்டுமே கேட்பார்.

என் தங்கை எங்கள் வீட்டு மாடியில் மகனோடு வாழ்ந்தாள். தையல் வேலை செய்பவள். விரல் மூட்டுகள் வீங்கி, கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் இருந்தாள். ஒருநாள் ஒரு மாத்திரை அட்டையோடு கீழே இறங்கி வந்தாள்.

“அண்ணா, உங்க யுனிவர்சிட்டியில கண்டுபிடிச்ச மாத்திரையாம். சாப்பிடட்டுமா?”

“டாக்டர் என்ன சொன்னார்?”

“கம்ப்யூட்டரே சரின்னுடுச்சாம். அது என்னத்தக் கண்டுச்சு? நீங்கதானே எல்லாத்தையும் வரி விடாம படிக்கிறவரு. நீங்க சொல்லுங்க, கேக்குறேன்.”

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். காரணம் சொன்னால் பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது. விழாவில் நான் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. மாத்திரை உண்டவருள் பெரும்பாலோர் நலமாகவே இருந்தனர் என்பதையும் நான் மறக்கவில்லை. “டாக்டர் சொல்றபடி செய்” என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

சில வாரம் அவள் நன்றாகத்தான் இருந்தாள். கத்தரிக்கோல் பிடித்தாள், எனக்கு ஒரு சட்டைகூடத் தைத்தாள். பின் கண் மஞ்சளித்தது. மருத்துவமனையில் சேர்த்தபோது ஈரல் ஏறக்குறைய நின்றிருந்தது.

அவளை எடுத்துச் சென்ற அன்று அவள் மகன் என் அருகில் வந்து உட்கார்ந்தான். “மாமா, அம்மா கண்ணு மஞ்சளா இருக்குன்னு அன்னைக்கே சொன்னேனே. தூக்கம் பத்தலன்னு சொன்னீங்களே மாமா” என்றான். உண்மை. அப்படித்தான் சொன்னேன். அவளுக்கு முன்னும் பின்னும் வேறு சிலரும் மாண்டனர் என்று கேள்வி. எத்தனை பேர் என்று நான் உங்களிடம் கேட்கவில்லை.

வெளிநாட்டிலிருந்த மருத்துவர் அச்சான தொகுப்பைப் பார்த்துவிட்டு, “நான் ‘இறந்தனர்’னுதானே எழுதினேன்?” என்று அலறினாராம். அதன் பிறகுதான் மாத்திரையை நிறுத்தினர். விரிவுரையாளர் என் அறைக்கு வந்து அழுதார்.

“ஏன் விலகினாங்கன்னு கேக்கறதுக்கு நான் கிளிக்குச் சொல்லித் தரல ஐயா. எல்லாம் என் தப்புதான்.”

ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தேன். மறுநாள் அவர் வேலையை விட்டுவிட்டார். கிளியையும் நிறுத்திவிட்டார்கள்.

இப்போது நீங்கள் ஒரு தாளை என் முன் வைத்திருக்கிறீர்கள். நடந்தவை அனைத்தும் நான் கவனிக்கத் தவறிய ஓர் அச்சுப்பிழையால் நேர்ந்தவை என்று அதில் இருக்கிறது. “போட்டுடுங்க ஐயா. பல்கலைக்கழகத்துக்கும் பேரு கெடாது, உங்களுக்கும் இந்த வயசுல கோர்ட்டு கேஸுன்னு அலைச்சல் இருக்காது. வயசானா கண்ணு தப்புறது சகஜந்தானே?” என்கிறீர்கள். தங்கை மகனும் அதையே நம்ப ஆயத்தமாக இருக்கிறான். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள்.

இத்தாளில் நான் கையெழுத்திடேன். என் கண் தப்பவில்லை. ‘இறந்தனர்’ என்று படித்தேன், பொருள் உணர்ந்தேன், வேண்டுமென்றே வேறு சொல் இட்டேன். தங்கை கேட்டபோதும் அறிந்தேதான் சொன்னேன். உள்ளதை உள்ளவாறே எழுதிக் கொண்டுவாருங்கள்; அதில் கையெழுத்திடுகிறேன். என்னைப் பற்றி யார் எது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். நான் திருத்திய பக்கத்தில் பிழை இருந்தது என்று மட்டும் சொல்ல விட மாட்டேன்.