மூலப்பிரதியில் இல்லாத வரி

1936ஆம் ஆண்டு ஜூன் மாதம், கண்டிப் பொலிஸ் நிலையத்தில், சார்ஜன் றவூப் முன்னிலையில் சொல்லக் கேட்டு எழுதியது.

என் பெயர் சுப்பன் மகன் இருளப்பன். வயது இருபத்தெட்டு. பிறந்தது கலஹாவில் ஒரு தேயிலைத் தோட்டம். இப்போது இருப்பது கட்டுக்கலையில் ஒரு வாடகை அறை. ஜமால்தீன் முதலாளியின் அச்சுக்கூடத்தில் புரூப் வாசிப்பது என் வேலை. கலியாணம் ஆகவில்லை.

என்மேல் புகார் கொடுத்திருப்பவர் ஹேவாஹெட்டப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கங்காணியாக இருக்கும் மாயாண்டி. அவருடைய அண்ணன் மகள் வேலாயி, வயது இருபத்திரண்டு, மிஷன் பள்ளியில் படித்தவள், என்னோடு வேலை செய்கிறாள். தகப்பன் இல்லாததால் சித்தப்பாதான் அவளுக்குப் பொறுப்பு. நான் அவளுக்கு ஆசை காட்டி ஊரைவிட்டுக் கூட்டிப்போகப் பார்த்தேன் என்றும், ஆகவே அவளை வேலையிலிருந்து நிறுத்தித் தோட்டத்துக்குக் கொண்டுபோகப் போவதாகவும் அவர் சொல்கிறார்.

எங்கள் வேலை நடக்கும் விதம் இது. அச்சுக் கோத்து எடுத்த தாளை நான் உரக்க வாசிப்பேன், கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்து. வேலாயி கையெழுத்துப் பிரதியில் விரல் வைத்துக்கொண்டே வருவாள். ஒத்திருந்தால் "சரி" என்பாள், இல்லாவிட்டால் "இல்லை" என்பாள். பக்கத்தில் மெஷின் ஓடுவதால் கொஞ்சம் கத்தித்தான் வாசிக்கவேண்டும். மருந்துக்கடை விளம்பரமானாலும் பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகமானாலும் இப்படித்தான். சித்திரை தொடக்கம் எங்களுக்கு வந்தது ஒரு காதல் நாவல். அதற்கு நான் பொறுப்பாளி அல்ல.

அந்த நாவலின் கதாநாயகன் வாய் ஓயாதவன். மல்லிகையைப் பார்த்தாலும் பேசுவான், மழையைப் பார்த்தாலும் பேசுவான். அவன் பேச்சையெல்லாம் வேலாயிக்கு எதிரில் உட்கார்ந்து நான்தான் கத்தினேன். முதலில் சிரிப்பு வந்தது, அதன் பிறகு கோபம் வந்தது. எவனோ எழுதியதை இவ்வளவு வாய் திறந்து சொல்கிறோம், சொந்தமாக ஒரு சொல் சொல்ல வழியில்லாமல் அறைக்குத் திரும்புகிறோமே என்று என்மேலேயே வந்த கோபம் அது.

இன்று காலை மழை. வேலாயிக்குப் பலாக்காய் கொண்டுவந்த கங்காணி எங்கள் ஜன்னலோரம் ஒதுங்கி நின்றிருக்கிறார். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது, எங்கள் வேலை எப்படி என்றும் தெரியாது. அந்நேரம் நான், "கண்ணே கமா விடிந்ததும் புறப்பட்டுவிடுவோம் முற்றுப்புள்ளி" என்று வாசித்தேன். வேலாயி "சரி" என்றாள். "உன் வீட்டார் தேடினால் தேடட்டும் ஆச்சரியக்குறி" என்றேன். அதற்கும் "சரி" என்றாள். நடுவில் வந்த கமாவைப் படித்தவர்கள் கொஞ்சுகிற விதம் என்று கங்காணி எண்ணிக்கொண்டாராம்.

அதன் பிறகு அவர் உள்ளே பாய்ந்து, "ஓடிப்போவோம்ங்கிறான், இவளும் சரி சரிங்கிறா! ரெண்டு காதாலயும் கேட்டேன்" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இங்கே வந்தார். முதலாளி கையெழுத்துப் பிரதியோடு பின்னால் வந்து, "சார்ஜன் ஐயா, இது எங்கட பிரஸ்ஸில அடிக்கிற நாவல். பாருங்க, எல்லாம் இதில இருக்கு" என்றார். கங்காணி கேட்டதாகச் சொன்னவற்றைச் சார்ஜன் பிரதியில் தேடினார். ஒரு வரியைத் தவிர எல்லாம் இருந்தன.

அந்த ஒரு வரி, "வேலாயி, ஒன்னையக் கட்டிக்கிடணும்னு எனக்கு ஆசை" என்பது. நாவலில் வேலாயி என்று ஒருத்தி இல்லை. பக்கம் முடிந்த இடத்தில், தாளைப் பார்த்தபடியே, மற்ற வரிகளோடு சேர்த்து நான் சொன்னது அது. முற்றுப்புள்ளி சொல்ல மறந்துபோனேன். அவள் விரல் பிரதியில் அப்படியே நின்றது. அதன் பிறகு "சரி" என்றாள். ஒரு எழுத்துக் கூடினாலும் "இல்லை" என்கிறவள் அவள். அது எனக்குச் சொன்ன சரியா, வேலைப் பழக்கத்தில் வாயில் வந்த சரியா என்று எனக்குத் தெரியாது. கேட்பதற்குள் கங்காணி வந்துவிட்டார். பழக்கத்தில் வந்ததுதான் என்றால் நான் அச்சுக்கூடத்தை விட்டுப் போய்விடுகிறேன், அவளை வேலையிலிருந்து நிறுத்தவேண்டாம்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டியபோது நடந்ததையும் சேர்த்துச் சொல்வது. சார்ஜன் அந்த வரியில் நிறுத்தி, "இந்த ஒரு வரிய வெட்டினா கேஸ் ஒண்டுமில்ல தம்பி, ஊட்டுக்குப் போகலாம். வெட்டவா?" என்று கேட்டார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்டினால் நான் அதைச் சொல்லவே இல்லை என்று ஆகிவிடும். "வேணாங்க. மத்ததெல்லாம் எவனோ எழுதினது, அது ஒண்ணுதான் என்னோடது" என்றேன். வாசலில் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் நின்ற வேலாயி என்னைப் பார்த்து "சரி" என்றாள். நாவலின் பிரதி அப்போது சார்ஜனின் மேசைமேல் இருந்தது. அவள் கையில் ஒன்றும் இல்லை.

இதில் உள்ளது முழுதும் நான் என் வாயால் சொன்னது, உண்மை. ஒரு வரியும் வெட்டப்படவில்லை என்று பார்த்துக்கொண்டு கையெழுத்து வைக்கிறேன்.

(ஒப்பம்) சு. இருளப்பன்