தலைவரின் தொண்டையில் வந்த திருகாணி

மேடையில் வீற்றிருக்கும் அருட்தந்தை அவர்களே, பெலாஹியா அண்ணி அவர்களே, செபு நகர ஜீப்னி சிற்றுந்து ஓட்டுநர் தோழர்களே, மலர்வளையத்தோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும், தலைவருக்கு அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர் அவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

மறைந்த நம் சங்கத் தலைவர் கிறிசாந்தோ அபெல்லானாவைப் பற்றி என்ன சொல்வேன்? புயலில் ஊரே முடங்கியபோது, இந்த டாக்டரின் மருத்துவமனைச் செவிலியர்களைக் காசு வாங்காமல் வண்டியில் ஏற்றிச் சென்றவர் யார்? நம் தலைவர்! அந்த மனிதர் சொன்ன ஒரு சொல்லை அங்கே யார் கேட்டார்கள்?

தலைவரின் கழுத்தெலும்பு நரம்பை அழுத்துகிறது என்று தகடு வைத்துத் திருகாணி முடுக்கினார்கள். எலும்பு ஒட்டவே இல்லை. கழன்ற திருகாணி உணவுக்குழாயைக் குடைந்தது. "டாக்டர், முழுங்குறப்ப என்னமோ குத்துது" என்று போய் நின்றார். "ஆபரேஷன் நல்லாத்தான் முடிஞ்சிருக்கு. எல்லாம் மனக்கவலை நோங் அண்ணே, நல்லா தூங்குங்க" என்றார்கள். மறுபடி போனார். மறுபடியும் தூங்கச் சொன்னார்கள்! தொண்டையில் இரும்பை வைத்துக்கொண்டு எவன் ஐயா தூங்குவான்?

ஒருநாள் நம் நிறுத்தத்தில், அண்ணியின் கடையில், கஞ்சி குடிக்கும்போது இருமினார். கரண்டியில் விழுந்தது திருகாணி! அண்ணி பதறிப்போய், "அய்யோ, என் கஞ்சியில இது எப்படி வந்துச்சு?" என்றார். தலைவர் கரகரத்த குரலில், "உன் கஞ்சி மேல பழி இல்லடி. இனிமே என்னை யாரும் பைத்தியம்னு சொல்ல மாட்டாங்க" என்று சிரித்தார். செத்துக்கொண்டிருந்த மனிதருக்கு அதுதான் சந்தோஷம்! எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதை எடுத்துக்கொண்டு அவரோடு நானும் மருத்துவமனைக்குப் போனேன். "இது ரொம்ப அபூர்வம்" என்றார்கள். தலைவர் கேட்டார்: "அபூர்வம்னா நடக்காதுன்னு அர்த்தமா டாக்டர்? என் தொண்டையில நடந்துச்சே!" அதற்குள் ஓட்டை வழியே சீழ் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. அதுதான் அவரைக் கொண்டுபோனது. அபூர்வமாம்! பெலாஹியா அண்ணிக்கு இருந்ததும் ஒரே ஒரு கணவர்தானே?

தோழர்களே, இனி நம்மில் யாரும் மருத்துவரிடம் தனியாகப் போகக் கூடாது. கூட இருவர் போவோம். வலிக்கிறது என்பவரைப் பரிசோதிக்கும் வரை நகரமாட்டோம். இது தலைவர் மேல் ஆணை!

அந்தத் திருகாணி இதோ, என் கையில். அண்ணி சம்மதித்துத்தான் கொடுத்தார். பின்வரிசையில் இருப்பவரே, வந்து பிடியுங்கள். ஜீப்னியில் பயணிகள் கட்டணத்தைக் கைமாற்றி முன்னால் அனுப்புவார்களே, அப்படியே அனுப்புங்கள். எல்லோர் கையிலும் பட்டுச் செல்லட்டும்.

டாக்டர், கையை நீட்டுங்கள். உங்களிடம்தான் வருகிறது.