புள்ளடி

இல்லைப் பிள்ளை, அதை நான் சொல்லேல்லை. ஆக்கள்தான் சொல்லினம். செபமாலைமுத்து அண்ணை கடைசி நேரத்தில மாறிப் போட்டிட்டாராம், அதாலதான் நீங்கள் தோத்தனீங்களாம். இண்டைக்குப் பூசை முடிஞ்சு வெளிய வரேக்க அந்த மனிசனோட ஒருத்தரும் நிண்டு கதைக்கேல்லை. எழுபத்தாறு வயது. முழங்கால் ஏலாது, வராதேங்கோ எண்டு நான் சொல்லச் சொல்ல ரெண்டு பஸ் மாறி வந்து வோட்டுப் போட்ட மனிசன். இப்ப அவர் துரோகி.

உங்களுக்கு வேலை இருந்தாச் சொல்லுங்கோ, நான் பேந்து வாறன். இல்லையோ? சரி, அப்ப இருக்கிறன். வேண்டாம், கோட்டைக் கழட்டேல்லை. என்ர மகன் ஜெஸ்ரினைப் பக்கத்து வீட்டில விட்டிட்டு வந்தனான். நாலு மணிக்கு என்னைக் காணேல்லையெண்டா கையைக் கடிக்கத் துவங்கிடுவான். முப்பத்தொரு வயது வந்தும் அந்தப் பழக்கம் போகேல்லை.

இருபத்திநாலுக்கு இருபத்திமூண்டு. ஒரே ஒரு வோட்டு. லண்டனில இந்த வார்டில கட்சி வீடு கூட்டிற ஒரு தும்புத்தடியை நிப்பாட்டினாலும் சனம் அந்தத் தும்புத்தடிக்குத்தான் போடும் எண்டு நீங்கள்தானே எனக்கு விளங்கப்படுத்தினனீங்கள். அப்ப மே மாதம் நடக்கப்போறது வெறும் சடங்கு. உண்மையான எலக்‌ஷன் போன ஞாயிறு லைப்ரரி மேல்மாடியில நடந்து முடிஞ்சுது. கட்சி மெம்பர்மார் நாப்பத்தேழு பேர், துண்டில பேருக்கு நேர புள்ளடி கீறி ஒரு பிஸ்கட் ரின்னுக்குள்ள போட்டு, ஆர் கவுன்சிலர் எண்டு முடிவு கட்டியாச்சு. இவ்வளவு பெரிய நாட்டில இவ்வளவு சின்ன ரின்னுக்குள்ள என்ர பிள்ளையின்ர சீவியம் கிடக்கு எண்டு எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

ஓம், நான்தானே உங்களிட்ட வந்தனான். காலில விழாத குறை. இப்பத்தைய கவுன்சிலர் தர்மேந்திரன் தம்பி கவுன்சிலில கைதூக்கினா, ஜெஸ்ரின் மாதிரிப் பிள்ளையள் பகலில போய் இருக்கிற சென்ரரைப் பூட்டிப்போடுவாங்கள், நீங்கள் அவருக்கு எதிரா நில்லுங்கோ எண்டு கேட்டனான். நீங்கள் ஒரு மணித்தியாலம் இருந்து, சென்ரரைப் பூட்டிறதைப் பற்றிக் கவுன்சில் விட்ட அறிக்கையை வாசிச்சனீங்கள். பிறகு தலையை நிமித்தி, நான் நிக்கிறேன், வென்றா மூடுறதுக்கு எதிரா வோட்டுப் போடுவேன் எண்டீங்கள். அவ்வளவுதான். ஒரு சிரிப்புமில்லை, ஒரு ஆறுதலுமில்லை. எங்கட ஆக்களெண்டா அதைச் சொல்ல முதல் அரை மணித்தியாலம் ஊர்க்கதை கேப்பினம். நீங்கள் மலேசியாவில பிறந்து வளந்த பிள்ளை, உங்கட பழக்கம் வேற எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டை போனன்.

சென்ரரில அவன் என்ன செய்யிறவன் எண்டு நான் சொன்னனானோ? கோப்பை கழுவிறவன். பன்ரெண்டு வருசமா. காலமை எட்டரைக்கு மினிபஸ் வரும், ஏழு மணிக்கே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில நிப்பான். கழுவின கோப்பையெல்லாத்தையும் காது ஒரே பக்கம் பாக்க அடுக்கிப்போட்டுத்தான் வீட்டை வருவான். அதைப் பூட்டிப்போட்டு, கிழமைக்கு ரெண்டு தரம் வீட்டுக்கு ஆள் அனுப்புவினமாம். வீட்டுக்குள்ள புது ஆள் வந்தா அவன் கட்டிலுக்குக் கீழ போயிடுவான். எனக்கு அறுபத்திமூண்டு. அவனைக் கீழயிருந்து இழுக்க இனி எனக்குப் பெலனில்லை.

தர்மேந்திரன் தம்பியிட்ட இதைச் சொல்லாமல் விட்டனானோ? எத்தினை தரம் சொன்னனான். அவர் ஒளிக்கேல்லைப் பிள்ளை, அதுதான் கொடுமை. என்ர குசினியில இருந்துகொண்டு, அக்கா, கட்சி ஒரு முடிவெடுத்தா நான் அதோடதான் நிக்கவேணும், என்னில கோவிக்காதேங்கோ எண்டார். கண் கலங்கிப் போச்சு அவருக்கு. பேந்து நான் வைச்ச புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டு, தேத்தண்ணியும் குடிச்சு, கோப்பையைத் தானே கழுவி வைச்சிட்டுப் போனவர். ஜெஸ்ரின் வந்து பாத்திட்டு, காது சரியில்லையெண்டு திருப்பி வைச்சவன். இப்பிடி ஒரு மனிசனை நான் எப்பிடி ஏசுறது சொல்லுங்கோ. கழுத்தை அறுக்கப்போறன் எண்டு மரியாதையாச் சொல்லிப்போட்டுத்தான் அறுக்கிறார்.

என்ர மனிசன் செத்து மோசம்போன நேரமும் அவர்தான் துணைக்கு நிண்டவர். அவர் சைவ சமயம், நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கம். கோயிலுக்குள்ள வந்து, நாங்கள் முழங்காலில நிக்கேக்க தானும் நிண்டு, பெட்டி தூக்கினவர். அண்டைக்கு அவர் கவுன்சிலருமில்லை, ஒண்டுமில்லை. வோட்டுக்காகச் செய்தவர் எண்டு சொல்லவும் என்ர வாய் வருகுதில்லை.

என்ன? ஓ, அந்தத் தேத்தண்ணிக் கதையோ. ஆர் உங்களுக்குச் சொன்னது? சரி, கேட்டபடியாச் சொல்லுறன், பிள்ளை கோவிக்கக்கூடாது.

நான் உங்களை வீடு வீடாக் கூட்டிக்கொண்டு போனன் எல்லோ, முதல் நாள் எங்கட வீட்டிலயிருந்துதான் வெளிக்கிட்டது. பால் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து நீட்டினன். வேணாம் ஆன்ட்டி எண்டீங்கள். அவ்வளவுதான். எங்கட ஆக்கள் அப்பிடிச் சொல்லமாட்டினம். இப்பதான் குடிச்சிட்டு வந்தனான் எண்டு ஒரு பொய் சொல்லுவினம். இல்லாட்டி வாங்கி ஒரு மிடறு குடிச்சிட்டு வைப்பினம். நீங்கள் கையால இப்பிடித் தள்ளிப்போட்டு பேப்பரைப் பிரிச்சனீங்கள். பிறகு போன ஒன்பது வீட்டிலயும் அதே வேணாம்.

எங்கட ஊரில ஒருத்தர் உன்ர வீட்டில தேத்தண்ணி குடிக்கேல்லையெண்டா அதுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். நான் மன்னாரில கடற்கரைப் பக்கம். அப்பா மீன்பிடித் தொழிலுக்குப் போறவர். எங்கட பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒராள், நல்ல மனிசி, எங்கட வீட்டுக்கு வருவா, பாயில இருப்பா, என்ர தலையைத் தடவுவா. சோடா உடைச்சுக் குடுத்தா மட்டும் வயிறு சரியில்லை எண்டுவா. பதினொரு வருசமா அவவுக்கு வயிறு சரியில்லை. என்ர அம்மா சாகும் வரைக்கும் அந்தச் சோடாவைப் பற்றிக் கதைச்சவ. சாதி எண்ட சொல்லை ஒருத்தரும் வாயால சொல்லுறேல்லைப் பிள்ளை. வேண்டாம் எண்டு சொன்னாக் காணும்.

அது தெரியும் எனக்கு, சொல்லாதேங்கோ. விரதம். கந்தசட்டி. ஆறு நாளும் நீங்கள் பகலில பச்சைத்தண்ணியும் குடிக்காமல், பின்னேரம் விம்பிள்டன் கோயிலில ஒரு மிடறு பாலோட இருந்தனீங்கள். அதை எனக்கு அந்தக் கோயிலுக்குப் போற பவளக்கொடி சொன்னவ, ஈஸ்ட் ஹாமில மீன் வாங்கப் போன இடத்தில. கூட்டத்துக்கு மூண்டு நாளுக்கு முந்தி. எனக்குத் தலையில அடிச்சமாதிரிப் போச்சு. நடுச்சந்தையில நிண்டு அழுதனான். வெறும் வயித்தோட அந்தப் பிள்ளையைக் கட்டிடம் கட்டிடமா மாடி ஏத்தி இறக்கினேனே எண்டு.

அண்டைக்கே போன் எடுத்து எல்லாருக்கும் சொன்னனான். ஏனெண்டா அதுக்கிடையில கதை பரவிப் போச்சு, உவ எங்கட வீடுகளில கை நனைக்கமாட்டாவாம் எண்டு. ஒன்பது வீட்டுக்கும் சொன்னன். பிள்ளை விரதமடி, எங்களுக்காகத்தான் பசியோட திரியுது எண்டு. செபமாலைமுத்து அண்ணை உடன சொன்னார், டொலறஸ், அப்பிடியெண்டா அவ எங்களைவிட நல்ல கத்தோலிக்கி, நாங்கள் தவசுகாலத்திலயும் மூக்கு முட்டத் தின்னுறம் எண்டு. அப்ப பாருங்கோ, ஒன்பது வீடும் உங்களுக்குத்தான் போட்டது. அது எனக்குத் தெரியும். நான் எண்ணி எண்ணிக் கூட்டிக்கொண்டு வந்த சனம்.

கூட்டத்தில நீங்கள் திறமாத்தான் பேசினனீங்கள். ஒரு பிழையுமில்லை. எத்தினை பேர் சென்ரருக்கு வருகினம், அவையளுக்கு என்ன நடக்கும், சட்டம் என்ன சொல்லுது, எல்லாம். வெள்ளைக்காரக் கிழவி ஒராள் பக்கத்தில இருந்து தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டவ. ஜெஸ்ரினை விட்டிட்டு வர இடமில்லாமல் நான் அவனையும் கொண்டு வந்தனான் எல்லோ. நடுவில அவன் ஊளையிட்டான். நீங்கள் பேச்சை நிப்பாட்டிப்போட்டு, அவன் ஓயும் வரைக்கும் பேப்பரைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். முழு மண்டபமும் திரும்பி என்னைப் பாத்துது. பிழை இல்லைப் பிள்ளை. வேறென்ன செய்யிறது நீங்கள். நான் குறையாச் சொல்லேல்லை.

பிறகு தர்மேந்திரன் தம்பி எழும்பினார். சென்ரரைப் பற்றி ஒரு சொல்லுமில்லை. தான் முதல் முதல் லண்டனுக்கு வந்து பனியைக் கண்டு பயந்த கதை, பஸ்ஸில தவறி ஏறின கதை. சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. அந்த நேரம் இவன் திரும்பவும் ஊளையிட்டான். அவர் உடன பேச்சை விட்டிட்டு, ஓமடா ஜெஸ்ரின், நீ சொல்லுறது நூற்றுக்கு நூறு சரி, நான் கனக்கத்தான் கதைக்கிறன் எண்டார். இவன் சிரிச்சான். கையைத் தட்டித் தட்டிச் சிரிச்சான். தேப்பன் செத்தாப் பிறகு அவன் அப்பிடிச் சிரிச்சு நான் காணேல்லை. அந்த மண்டபம் முழுக்க அவனைப் பாத்துது, இந்த முறை நான் குனியேல்லை.

அதுக்குப் பிறகுதான் துண்டு தந்தவை.

முந்தநாள் பின்னேரம் செபமாலைமுத்து அண்ணை என்ர வீட்டுக்கு வந்தவர். வாசலில நிண்டுகொண்டு, உள்ளுக்கு வரமாட்டாராம். டொலறஸ், நான் அந்தப் பிள்ளைக்குத்தான் போட்டனான், மாதா சத்தியம், நீயாவது நம்பு எண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். நான் நம்புறன் அண்ணை எண்டன். எப்பிடி நம்புறாய், ஒருத்தரும் நம்புறாங்களில்லையே எண்டு கேட்டார். கதவைச் சாத்திப்போட்டன். பிள்ளை, ஒரு கிழவனுக்கு முன்னால கதவைச் சாத்தினனான்.

அதுக்குத்தான் வந்தனான். நாளைக்கு அவற்ற வீட்டை நீங்கள் ஒருக்காப் போகவேணும். நீங்கள் போய் ஒரு சொல்லுச் சொன்னா சனம் வாயை மூடும்.

எப்பிடி நிச்சயமாத் தெரியும் எண்டோ? தெரியும். துண்டில ரெண்டு பேர் இருந்துது. மேல தர்மேந்திரன் தம்பி, கீழ நீங்கள். பேனை உங்கட பேரடியிலதான் நிண்டது, கனநேரம் நிண்டது. இவன் பக்கத்தில இருந்து இன்னும் சிரிச்சுக்கொண்டிருந்தான். நான் மேல போட்டிட்டன், புள்ளடி. ஒருத்தரும் பாக்கேல்லை, ஒருத்தரும் கேக்கேல்லை, நான்தான் போட்டனான். விரதம் எண்டு எனக்குத் தெரியும், சென்ரர் பூட்டும் எண்டும் தெரியும், எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் போட்டனான்.

ஏன் எண்டு கேக்காதேங்கோ பிள்ளை. நாளைக்குத் திரும்ப ஒரு துண்டு தந்தாலும், என்ர கை எங்க போகும் எண்டு எனக்குச் சத்தியமாத் தெரியாது.