தொட்டியைத் தட்டிப் பார்ப்பவன்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வழவழப்பு ஆகாது. தண்ணீரில் ஊறிக் கிடக்கும் சோப்பைத் தொட்டால்கூட உடம்பு கூசும். இந்தத் தம்ளரை நீங்கள் சரியாகக் கழுவவில்லை. பரவாயில்லை, இருக்கட்டும், எனக்குத் தாகமில்லை.

எங்கள் தீயணைப்பு நிலையம் சின்னது. அதிகாரி, ஓட்டுநர், நான் என்று மூன்றே பேர். ஓட்டுநர் என் அக்கா வீட்டுக்காரர், எனக்கு மாமா. இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். தீப்பிடித்த இடத்தில் அவர் குழாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார். நான் வண்டிக்குப் பின்னால் நின்று பம்பைப் பார்த்துக்கொள்வேன்.

எங்கள் தண்ணீர் வண்டி முன்பு பால் ஏற்றிய வண்டி. வெயில் ஏறினால் தகட்டிலிருந்து புளித்த பால் நாற்றம் கிளம்பும். மாதம் ஒருமுறை மேல்மூடியைத் திறந்து உள்ளே இறங்கிச் சுரண்டுவது என் வேலை. பாசி, துரு, ஊறி வெளுத்த பல்லிகள். ஒருமுறை ஏதோ ஒன்று என் பூட்ஸுக்குள் புகுந்து நசுங்கியது. என்னவென்று நான் பார்க்கவில்லை. மூன்று தடவை சோப்புப் போட்டாலும் சாப்பிடும்போது கையில் அந்த வாடை இருக்கும். "கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்" என்பாள் மனைவி. அவள்மேல் தப்பில்லை.

தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் பாசி பிடித்துக் கறுத்துப் பல வருடமாகிவிட்டது. அதனால் தினமும் காலையில் தொட்டியை நிரப்பிவிட்டு, விரல் முட்டியால் மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் தட்டிப் பார்ப்பேன். தண்ணீர் இருந்தால் சத்தம் மொத்தென்று விழும், இல்லாவிட்டால் கணீரென்று கேட்கும். "முழுசு" என்று குரல் கொடுப்பேன். அதிகாரி உட்கார்ந்த இடத்திலிருந்தே பதிவேட்டில் எழுதிக்கொள்வார். ஒருநாளும் எழுந்து வந்து பார்த்ததில்லை. என் கைமேல் அவ்வளவு நம்பிக்கை.

புது வண்டி கேட்டு ஊர்க் குழுவிடம் மூன்று முறை போனோம். மூன்று முறையும் குழுத் தலைவர் தீக்குச்சியால் பல்லைக் குத்திக்கொண்டே, "ஓடுதுல்ல? ஓடுற வண்டிய எதுக்குய்யா மாத்தணும்?" என்றார். குச்சியின் நுனியை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வாய்க்குள் வைத்துக்கொண்டார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

திரும்பி வரும்போது மாமா சொன்னார்: "விடு மாப்ளே. அந்தாளு கண்ணு முன்னாடி நம்ம வண்டி படுத்தாத்தான் அவனுக்கு உறைக்கும்." இதைச் சொன்னது அவர். நீங்கள் இதை வாக்குமூலத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

மறுநாளிலிருந்து, நிரப்பிய தண்ணீரை அடிமூடி வழியாக வடித்துவிட்டேன். கால்வாசி மட்டும் விட்டுவைத்தேன். பிறகு வழக்கம்போல மூன்று இடத்தில் தட்டினேன். இரண்டு இடத்தில் கணீரென்றது. "முழுசு" என்றேன். பன்னிரண்டு நாள் அப்படிச் சொன்னேன். தீயை நான் வைக்கவில்லை. அந்த மாதிரி ஆள் நான் இல்லை. ஏதாவது ஒரு குப்பைமேடோ, வைக்கோலோ பற்றும் என்று பொறுமையாகக் காத்திருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் தச்சரின் பட்டறை பற்றியது. ஊரே கூடிவிட்டது. தலைவரும் வந்து, வாயில் குச்சியோடு முன்வரிசையில் நின்றார். அப்போதுதான் தச்சர் ஓடி வந்தார். "அப்பா உள்ள படுத்திருக்காருங்க. அவரால எந்திரிக்க முடியாதுங்க."

மாமா குழாயைத் தோளில் போட்டுக்கொண்டார். "தண்ணி எவ்வளவு இருக்கு மாப்ளே?"

சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். கால்வாசிதான் என்று சொன்னால், நிரப்ப மறந்தவன் என்று பழி என் தலையில் விழுந்திருக்கும். வண்டிமேல் விழுந்திருக்காது. பன்னிரண்டு நாள் வீண். நான் தட்டிக் காட்டினேன். பம்பு இரைச்சலில் அவருக்குக் கேட்டிருக்காது. "முழுசு மாமா" என்றேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

நான்கு நிமிடத்தில் பம்பு காற்றை இழுக்க ஆரம்பித்தது. குழாய் தரையில் சப்பையாகப் படுத்தது. எல்லார் கண்ணும் தீயின்மேல் இருந்தது. நான் வண்டிக்கு அடியில் படுத்து அடிமூடியை ஒன்றரைச் சுற்று தளர்த்தினேன். மூடியில் ஸ்பானர் தடம் இருக்கிறது என்கிறீர்கள், இருக்கும். மிச்சமிருந்த கசடு என் கன்னத்தில் சொட்டியது. அந்த வழவழப்பை இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது.

அப்போது என் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்த குழாய் இரண்டு முறை இழுபட்டது. இரண்டு இழுப்பு என்றால் தண்ணீரைக் கூட்டு என்று எங்களுக்குள் அர்த்தம். நான் வெளியே வந்து கன்னத்தைத் துடைத்துக்கொண்டேன். தலைவரை அழைத்து வந்து ஒழுகுவதைக் காட்டினேன். "பாத்தீங்களா, கெழட்டு வண்டி ஒழுகுது" என்றேன். அவர் வாயிலிருந்து குச்சி விழுந்தது. குழாய் இன்னும் இரண்டு முறை இழுபட்டது. அப்புறம் இழுபடவில்லை.

நாற்பதே நாளில் புது வண்டி வந்துவிட்டது. துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி. தண்ணீர் மட்டத்தைப் பச்சை விளக்குகள் காட்டும், யாரும் தட்ட வேண்டியதில்லை. உள்ளே தலையை விட்டு முகர்ந்து பார்த்தேன். எந்த வாடையும் இல்லை. அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

புது வண்டியைத் தொடங்கிவைத்த நாளில் அக்கா வந்தாள். "ஒன்ன நம்பித்தானேடா அவரு உள்ள போனாரு. நீ என்ன பண்ணுவ, அந்தப் பாழாப்போன வண்டி கைவிட்டுருச்சே" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். கண்ணீரும் மூக்குநீருமாகச் சட்டையெல்லாம் ஈரமாகிவிட்டது. நான் போய்க் கழுவிக்கொண்டு வந்தேன்.

நீங்கள் மிரட்டியதால் இதையெல்லாம் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். போய் அந்த வண்டியின் கதவைப் பாருங்கள். மேலே தலைவர் பெயர், சாண் அளவு எழுத்தில். பல் குத்திக்கொண்டு நின்றவர் பெயர். கீழே மாமாவின் பெயர். அந்த வண்டிக்காக அவர்கள் இரண்டு பேரும் எதுவும் செய்யவில்லை. தினமும் காலையில் அந்த எழுத்துகளை ஈரத்துணியால் துடைப்பவன் நான். எவ்வளவு அருவருப்பாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வண்டியைக் கொண்டுவந்தது நான். அதை மட்டும் பிழையில்லாமல் எழுதுங்கள். மாமா பெயருக்குக் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.