பத்து மடங்கு ஜூம்

கேமரா வாங்க நினைக்கிறவர்கள் எல்லோரும் முதலில் ஜூம் எத்தனை மடங்கு என்றுதான் கேட்கிறார்கள். எவ்வளவு அகலமாகப் பார்க்கும் என்று கேட்பதில்லை. சேந்தமங்கலத்தில் பதினாறு வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஒருவர்கூடக் கேட்டதில்லை.

பிரேமும் கேட்கவில்லை. அவன் வாசலூர்பட்டியில் வாத்தியார் வேலை பார்க்கிறான். படம் எடுப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. சனிக்கிழமை மலையிறங்கி வந்தால் சாயங்காலம் வரை என் ஸ்டுடியோவில் இருப்பான். பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களை நான் எப்படி நிறுத்துகிறேன் என்று பார்த்துக்கொண்டிருப்பான். ஸ்டுடியோவில் கேமரா ஸ்டாண்டில் நிற்கும். ஆள்தான் முன்னே பின்னே நகர வேண்டும்.

போன வருடம், 2005 பங்குனியில், என் மனைவி பானுமதி தன் தங்கையோடு வாசலூர்பட்டி ஏரிக்குப் போனாள். எனக்கு அன்று கல்யாண வேலை. பிரேம் அங்கே தன் பழைய கேமராவில் ஒரு பிலிம் ரோல் எடுத்திருந்தான். கழுவ என்னிடம்தான் கொடுத்தான். நாமக்கல்லுக்கு அனுப்பினேன். கவர் திரும்பி வந்ததும் வழக்கம்போல் பிரித்துச் சரிபார்த்தேன்.

பத்தொன்பதாவது படத்தில் பானுமதி படகிலிருந்து இறங்குகிறாள். வாய்விட்டுச் சிரிக்கிறாள். இடது பக்கத்துத் தெற்றுப்பல் தெரிகிறது.

கல்யாணமான பதினோரு வருடத்தில் அவளை முந்நூறு படமாவது எடுத்திருப்பேன். எல்லாவற்றிலும் உதடு மூடியிருக்கும். சிரி என்று சொன்னால் இன்னும் இறுக்கமாக மூடிக்கொள்வாள். அந்தப் பல் இருப்பதே எனக்கு மறந்திருந்தது.

"எதுக்கு இப்படிச் சிரிச்சே?" என்று கேட்டேன்.

"வாத்தியாரு ஏதோ சொன்னாருங்க."

"என்ன சொன்னான்?"

"ஞாபகமில்லீங்க. படகு ஆடுச்சு, அதுக்கு ஏதோ சொன்னாரு."

அவர்களுக்குள் தப்பு எதுவும் இல்லை. நன்றாக விசாரித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். தப்பு இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

வைகாசியில் பிரேம் டிஜிட்டல் கேமரா வாங்க வேண்டும் என்றான். இரண்டு கேமராக்களின் விவரத்தாள்களைக் கொண்டுவந்தான். ஒன்றில் ஜூம் நான்கு மடங்குதான். ஆனால் பக்கத்தில் நின்றாலே முழு ஆளும் விழும், பின்னால் மலையும் விழும். இன்னொன்றில் பத்து மடங்கு. அதில் ஒரு ஆளை முழுதாக எடுக்க வேண்டுமானால் நன்றாகத் தள்ளிப் போக வேண்டும். அவனுக்குச் சின்னதுதான் பிடித்திருந்தது.

"ஏனுங்கண்ணா, இது கைக்கு அடக்கமா இருக்குதுங்க."

"அதுல குருவி எடுக்க முடியாது சாமி. இதுன்னா மரத்து உச்சியில குருவி கண்ணு தொறக்கறது தெரியும்."

பெரியதை வாங்கினான். நியாயமான யோசனைதான். பொழுதுபோக்குக்கு எடுக்கிறவர்கள் யார் கேட்டாலும் அதையே சொல்லியிருப்பேன்.

வாங்கிய வாரம் கடை வாசலில் என்னையும் பானுமதியையும் நிறுத்தி எடுத்தான். இரண்டு பேரும் முழுதாக விழவில்லை. கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னால் நடந்து சாக்கடையில் கால் விட்டான். பானுமதி சிரித்தாள். நான் அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலையில் கம்பி வேலி போட்ட வியூ பாயிண்டைத் தாண்டி ஒரு பாறை இருக்கிறது. அங்கே வேலி கிடையாது. விளிம்பில் புல் வளர்ந்து வெளியே சாய்ந்திருக்கும். பார்க்கிறவர்களுக்கு அதுவும் தரைதான். கல்யாண ஜோடிகளைக் கூட்டிப்போய் எடுத்ததால் எனக்குத் தெரியும். பள்ளம் கிழக்கே. காலை வெயில் முகத்தில் விழ வேண்டுமென்றால், எடுக்கிறவன் பள்ளத்துக்கு முதுகு காட்டித்தான் நிற்க வேண்டும். எட்டு மணிக்கு வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று அவனிடம் சொன்னேன். பானுமதியையும் அழைத்துப் போனேன்.

அன்று மேகம். வெயில் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

"வெயில்தான் இல்லீங்களே. பள்ளத்தாக்கு பின்னால தெரியட்டுங்கண்ணா," என்று பிரேம் இடம் மாறிக்கொண்டான்.

இப்போது பள்ளத்துப் பக்கம் பானுமதி நின்றாள். பிரேமின் முதுகில் இன்னொரு பாறை முட்டியது. அவனால் ஒரு எட்டுகூடப் பின்னால் வைக்க முடியாது. அதனால் என் ஸ்டுடியோவில் பார்த்ததைச் செய்தான்.

"அண்ணி, கால் விழ மாட்டேங்குது. ஒரு எட்டு பின்னால போங்க."

போனாள்.

"இன்னும் ஒண்ணு."

"ஏனுங்க வாத்தியாரே, நீங்களும் உங்கண்ணன மாதிரி ஆளைத்தான் வெரட்டறீங்க. உங்க காலு நகராதா?"

"உங்களுக்குப் பயந்து பாறையே என்னைப் புடிச்சுக்கிச்சுங்க அண்ணி."

கேமராவில் கண்ணை ஒட்டியிருந்தவனுக்கு அவள் முழங்கால் வரைதான் தெரியும். நான் அந்தப் பாறை ஓரமாக, அவன் தோளுக்குப் பின்னால் நின்றேன். எனக்குப் புல் தெரிந்தது. நில்லு என்று ஒரு சொல் போதும். அதற்கு நேரமும் இருந்தது. ஆனால் அவள் உதடு அப்போதுதான் பிரிந்துகொண்டிருந்தது. நான் குரல் கொடுத்தால் மூடிக்கொள்வாள். எப்போதும் அப்படித்தான். கிளிக் சத்தம் வரும்வரை பொறுத்தேன். சத்தம் வந்தபோது அவள் தானாகவே மூன்றாவது எட்டைப் புல்லின்மேல் வைத்திருந்தாள்.

எல்லாம் தன் தப்புதான் என்று பிரேம் ஸ்டேஷனில் உங்களிடம் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போவதில்லை, சாப்பிடுவதில்லை என்றும் சொன்னார்கள். அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடுங்கள். பத்தொன்பதாவது படம் அவனுடையது, ஒத்துக்கொள்கிறேன். இந்தச் சாவும் அவன் பெயரில் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. கேமராவைத் தேர்ந்தெடுத்தது நான். இடம் என்னுடையது. பேசாமல் இருந்ததும் நான்.

அந்தக் கடைசிப் படத்தைப் பெரிதாகப் போட்டு ஸ்டுடியோவில் மாட்டியிருக்கிறேன். தெற்றுப்பல் தெளிவாக விழுந்திருக்கிறது. அவள் நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். பிரேமுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தது படத்தில் தெரியாது.