லகோரி ஆடப் போன நாராயணஸ்வாமி

சாயங்காலம் ஆறே முக்கால் மணி. மைசூர் ரயிலடியிலிருந்து மேற்கே போகும் ஒரு மண் சாலை. ஆள் கிடையாது, விளக்குக் கம்பம் கிடையாது. ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருக்கிறது... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இதைச் சத்தம் போட்டுச் சொல்ல எனக்குப் பிடிக்காது.

என் சிநேகிதன் பட்டாபிராமனின் ஒன்றுவிட்ட பெரியப்பாவுக்கு நடந்தது இது. பெயர் நாராயணஸ்வாமி. ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. மகாராஜா காலம், முப்பத்தொன்றாம் வருஷம். அவருக்கு நாற்பத்தொரு வயது. பெண்டாட்டி போய்ப் பத்து வருஷம் ஆகிவிட்டது. குழந்தை இல்லை. வீட்டில் அவரும், விதவையான அக்கா கமலம்மாளும் மட்டும். அவள் சாதம் போடுவாள், அவர் சாப்பிடுவார். போதுமா என்று கேட்பாள், போதும் என்பார். ஒரு நாளைக்கு அவ்வளவுதான் பேச்சு.

அந்தச் சாலையோரம் ஒரு பொட்டல் இருந்தது. ஒரு காலத்தில் அது சந்து. அக்காவும் தம்பியும் பிறந்து வளர்ந்த சந்து. அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது பிளேக் வந்தது. இரவோடு இரவாகக் குடும்பம் சத்தியமங்கலத்து உறவுக்காரர் வீட்டுக்கு ஓடியது. ஒரு வருஷம் கழித்துத் திரும்பினால், சந்து இல்லை. வீடுகளை இடித்து, கந்தகம் போட்டுக் கொளுத்தியிருந்தார்கள். கூட ஆடிய பிள்ளைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஆபீஸ் விட்டு வரும்போது தினமும் அங்கே கொஞ்சம் நிற்பார். இந்த இடத்தில்தான் பம்பரம் விட்டோம்... இங்கே அடித்த கிட்டிப்புள்தான் எண்ணெய்ச் செக்காரர் வீட்டு ஓட்டை உடைத்தது. செக்காரர் மகன் சென்னப்பன் குறி தப்பாதவன். பால்காரி மகள் கெம்பம்மா, ஓட ஆரம்பித்தால் எந்தப் பையனாலும் பிடிக்க முடியாது. வெயில் தாழ்ந்ததும் லகோரி. ஏழு தட்டைக் கற்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, பந்தால் அடித்துச் சாய்ப்பார்கள். சாய்த்த கட்சி மறுபடி அடுக்க வேண்டும். அதற்குள் முதுகில் பந்து பட்டால் அவன் அவுட்.

அன்றைக்கு ஆறே முக்காலுக்கு, மழை விட்ட பொட்டல் நடுவில்... ஏழு கல் அடுக்கியிருந்தது.

யாரோ பிள்ளைகள் ஆடிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தார். சிரிப்பு வந்தது. ஒரு ஓட்டுச் சில்லை எடுத்து எறிந்தார். கடகடவென்று சரிந்தது. வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் கல் அடுக்கியிருந்தது. எறிந்தார். அதற்கு மறுநாளும் அடுக்கியிருந்தது. சுற்றிலும் சேறு. அதில் அவர் செருப்புத் தடம் மட்டும்தான் இருந்தது.

நாலாம் நாள் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பந்து. பழந்துணியைச் சுருட்டி வாழை நாரால் இறுக்கிக் கட்டிய பந்து. நனைந்து கனத்துக் கிடந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தாராம். செக்கெண்ணெய் வாசனை.

நீங்களும் நானும் என்ன செய்வோம்? போட்டுவிட்டு ஓடுவோம். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கோட்டை மடித்து அதன் மேல் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

அப்புறம் அவர் வீட்டுக்கு வரும் நேரம் ஏழு, ஏழரை, எட்டு என்று தள்ளிக்கொண்டே போனது. வேட்டியெல்லாம் சேறு. நன்றாகச் சாப்பிட்டார். தானாகவே பேசினார். சென்னப்பன் இப்படி எறிவான், கெம்பம்மா அப்படி ஓடுவாள் என்று, நேற்றுப் பார்த்த மாதிரி. கமலம்மாளுக்கு முதலில் சந்தோஷம்தான். பிறகு ஒரு நாள் துவைக்கும்போது சட்டையைப் பிரித்தாள். முதுகில் வட்ட வட்டமாகச் செம்மண் அச்சு. எல்லாம் இடுப்புக்குக் கொஞ்சம் மேலேதான். சிறு பிள்ளைகள் எறிந்தால் எட்டுகிற உயரம்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் தேடிக்கொண்டு போனாள்.

பொட்டலில் அவர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தார். குனிகிறார், விலகுகிறார், சிரிக்கிறார். மூச்சு வாங்குகிறது. வேறு ஒரு ஜீவன் இல்லை. ஆனால் ஈர மண்ணில் சின்னச் சின்ன அடிகள்... சளக்... சளக்... அவரைச் சுற்றிச் சுற்றி. திடீரென்று 'தொப்' என்று ஒரு சத்தம். அவர் சட்டை முதுகில் புதிதாக ஒரு வட்டம். பந்தை அவள் பார்க்கவில்லை.

அவர் நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, நான் அவுட் ஆயிட்டேன்."

"போதும்டா. ஆத்துக்கு வா."

"உன்னைக் கூப்பிடறா, அக்கா. ஒரு ஆள் குறையறதாம்."

கமலம்மாள் அந்தச் சந்தில் ஆடியதே இல்லை. ஒன்பது வயதில் கல்யாணம், பன்னிரண்டில் தாலி போயிற்று. தம்பி ஆடுவதையெல்லாம் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்தவள். ஒரு நிமிஷம்... ஒரே ஒரு நிமிஷம்... கால் தானாக முன்னால் போயிற்று என்று பட்டாபியிடம் அவளே சொல்லியிருக்கிறாள். சட்டென்று சுதாரித்து, தம்பியின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வாசலிலேயே வெந்நீர் விட்டு இருவர் காலையும் கழுவினாள்.

ராத்திரியே தம்பிக்கு ஜுரம் கண்டது. டாக்டர் வந்தார். கட்டி இல்லை, வீக்கம் இல்லை, இன்ன வியாதி என்று சொல்லத் தெரியவில்லை அவருக்கு. மூன்று நாள் நாராயணஸ்வாமி பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. பேச்சும் இல்லை. சாயங்காலம் ஆறே முக்கால் ஆனால் மட்டும் கண்ணைத் திறந்து வாசல் பக்கம் பார்ப்பார். கமலம்மாள் உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அவரை விட்டால் வேறு யார்?

மூன்றாம் ராத்திரி சுவரில் சாய்ந்தபடி கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தபோது விடிந்திருந்தது. அவர் கை சில்லிட்டிருந்தது. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. போய்த் திறந்துவிட்டு வந்து மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். உடம்பைக் குளிப்பாட்டப் போர்வையை விலக்கிய சீதாலக்ஷ்மி என்பவள் அப்படியே நின்றுவிட்டாள். கணுக்கால் வரைக்கும் செம்மண் சேறு. விரலிடுக்கில் புல். மூன்று நாளாகப் படுத்துக் கிடந்தவர் எப்போது வெளியே போனார் என்று கேட்டாள்.

கமலம்மாள் நீட்டியிருந்த தன் கால்களை மெதுவாகப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். அதிலும் சேறு... இன்னும் காயவில்லை.