வாசல் வரை வந்த சிக்னல்

ஒரு வீட்டில் இணையம் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? உள்ளே போய்க் கேட்பேன் என்பீர்கள். எங்கள் அண்ணன் பன்னிரண்டு ஆண்டுகளாக அப்படிக் கேட்டதில்லை. கேட்க வேண்டாம் என்பதுதான் உத்தரவு.

கால் கடுக்க நடந்தவரே! கதவுதோறும் நின்றவரே! கணக்கெடுப்புப் பிரிவின் களைப்பறியாக் கால்களே! ‘வாசலண்ணன்’ என்று நாங்கள் வாய் நிறைய அழைத்த, இன்று பணி ஓய்வு பெறும் மூத்தவரே! உங்களைப் பற்றி உங்கள் முகத்துக்கு நேரே சொன்னால் கூச்சத்தில் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே அவையினரிடம் சொல்கிறோம். நீங்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள்.

அவையோரே! முப்பத்தொரு ஆண்டுகள் வீடு வீடாகப் போனவர் இவர். மழைக்கு ஒதுங்காதவர், நாய்க்கு மட்டும் ஒதுங்கியவர். ஒரு நாளைக்கு எண்பது வீடு முடிக்க மேலிடம் ஒரு வழி சொன்னது: வாசலில் நின்று ஆபீஸ் போனை உயர்த்திப் பிடி, இரண்டு கோடு சிக்னல் காட்டினால் ‘இணையம் உண்டு’ என்று எழுது.

கால்வாய்க்கு இந்தப் பக்கம் மாடி வீடுகள், அவற்றின் உச்சியில் டவர். அந்தப் பக்கம் தகரக் கூரைத் தெரு, இருநூற்றாறு வீடு. சிக்னல் தகரத்தின் மீதும் தாராளமாக விழுந்தது. அண்ணனும் ‘உண்டு’ என்றே எழுதிவந்தார். ‘இல்லை’ என்று பதிவான தெருவுக்குத்தான் அரசின் இலவச இணைய இணைப்பு. மலையடி ஊர்களுக்கு ‘இல்லை’ என்றுதான் எழுதினார். ஆள் குறைவு, கேபிள் கட்டுப்படியாகாது என்று அவற்றையும் ஒதுக்கிவிட்டார்கள்.

போன மழைக்காலத்தில் தகரக் கூரைத் தெருவில் இஸ்திரி போடும் அக்கா அவரை மறித்தார். மகள் நர்ஸ் படிப்பு படிக்கிறாள். பாதிப் பாடம் போனில்தான் வருகிறது. டேட்டா தீர்ந்ததும் மாடி வீட்டுச் சுவரோரம் போய் நிற்பாள். காவலாளி விரட்டும்வரை படிப்பாள்.

“எங்க வீட்ல நெட் இருக்குன்னு எழுதினது யாரு சார்?”

“நான்தாம்மா.”

“அப்ப அதை எங்க வச்சிருக்கேன்னு காட்டிட்டுப் போங்க. நானும் தேடித் தேடிப் பார்க்குறேன்.”

அன்று அண்ணன் எண்பது வீடு முடிக்கவில்லை. மிச்சமிருந்த லீவையெல்லாம் போட்டு, அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்தார். ஐந்து பேருக்கு ஒரு போன், அதுவும் திரை உடைந்தது. இருநூற்றாறுக்கும் ‘இல்லை’ என்று எழுதி எடுத்துப் போனார். அதிகாரி விதியைக் காட்டினார்: திருத்தத்தை வீட்டுக்காரரே, தம் வீட்டு இணைய இணைப்பிலிருந்து பதிவு செய்ய வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருக்காரர்களை நாங்கள்தான் ஆபீசுக்கு அழைத்துவந்து, எங்கள் கம்ப்யூட்டரிலிருந்தே திருத்தங்களைப் பதிய வைத்தோம்.

“எல்லாம் ஒரே இடத்துல இருந்து போகுதே, ஒத்துக்குவாங்களா?” என்று அண்ணன் கேட்டார். அதெல்லாம் போகும் அண்ணே என்றோம். இப்போது எங்களுக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. இலவச இணைப்புக்கான பட்டியல் நாளைக் காலை வருகிறது. இதை விட்டால் அடுத்த பட்டியலுக்கு இன்னும் ஐந்து ஆண்டு. அந்தப் பெண்ணின் படிப்பு இரண்டில் முடிந்துவிடும். அண்ணன் இன்று மேடையில் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருப்பது இதனால்தான். பாராட்டு போதாது என்றல்ல.

அண்ணா! முழங்கால் வலி குறையட்டும். சர்க்கரை கட்டுக்குள் நிற்கட்டும். இனி நீங்கள் போகிற வீட்டிலெல்லாம் உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கட்டும். நீண்ட காலம் இருங்கள். இரவில் உறக்கம் வரட்டும். அதைத்தான் அழுத்திக் கேட்டுக்கொள்கிறோம்.

உங்களோடு வாசல்களில் நின்ற
களப்பிரிவு ஊழியர்கள்

(இம்மடலைக் கண்ணாடிச் சட்டம் போடக் கொடுக்கும் முன் அடியில் சேர்த்தது)

மறுநாள் காலை பட்டியல் வந்தது. எல்லாத் திருத்தமும் ஒரே இடத்திலிருந்து வந்ததால் இருநூற்றாறும் தள்ளுபடி. அந்தத் தெருவுக்கு நேரே ‘இணையம் உண்டு’ என்று இருந்தது.